சுவர் தின்ற பெயர்

ஏற்காட்டில் என் சித்தப்பா வீடு கட்டியபோது, வெளிப்பூச்சு முடிந்த நாளுக்கும் ஜோசியர் குறித்துக் கொடுத்த புதுமனை புகுவிழாவுக்கும் இடையில் பதினெட்டு நாள்தான் இருந்தது. சமையல்காரர், வாழைமரம், சீரியல் லைட் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக நினைவுக்கு வந்தது வீட்டின் பெயர். பாட்டியின் பெயரோடு 'இல்லம்' சேர்த்து எழுத வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சேலத்திலிருந்து ஓர் ஓவியரை அழைத்து வந்தோம். டப்பாக்களை இறக்கி வைத்தவர், வெள்ளை சிமெண்ட் அடித்திருந்த முகப்புச் சுவரில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே நின்றார்.

"சார், சுவரு இன்னும் ஆறலை. ரெண்டு மாசம் போகட்டும், வந்து எழுதித் தர்றேன்."

"நாளன்னிக்கு விசேஷம். பேரில்லாம எப்படிங்க? நீங்க எழுதுங்க" என்றார் சித்தப்பா.

எழுதினார். கருநீல எனாமல், ஓரத்தில் மெல்லிய சிவப்பு நிழல். வந்தவர்கள் எல்லாம் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்துப் போனபோது 'ல்ல' இரண்டும் கொப்புளித்திருந்தன. விரலால் அழுத்தினால் வெல்லப்பாகு போல ஒட்டியது. ஈரத்துணியால் துடைக்கப் போனால் சோப்பு போல வழுக்கிக்கொண்டு துணியோடு வந்தது. மலை மழையைத் திட்டினோம், பெயிண்டு கம்பெனியைத் திட்டினோம். ஓவியரையும் கொஞ்சம் திட்டினோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மூவரும் நிரபராதிகள். பெயரைத் தின்றது அது எழுதப்பட்ட சுவர்தான். அது சோப்பு போல வழுக்கியது என்றேனே, உவமைக்காகச் சொல்லவில்லை. அது சோப்பேதான்.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. நமக்குத் தெரிந்த நீற்றிய சுண்ணாம்புதான் அது. கூடவே சிறிதளவு சோடியம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடுகளும் பூச்சின் நுண்துளைகளில் உள்ள நீரில் கரைந்து நிற்கும். புதுப்பூச்சின் பிஎச் 12.5 முதல் 13 வரை இருக்கும். தோலைப் பதம் பார்க்கும் காரம். கொத்தனார்களின் விரல் இடுக்கு வெடித்துப் புண்ணாவது இதனால்தான். எனாமல் பெயிண்டோ அடிப்படையில் எண்ணெய்க் குடும்பம். அதன் பிசினான அல்கைடு, சோயா அல்லது ஆளிவிதை போன்ற எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களை எஸ்டர் பிணைப்புகளால் கோத்துச் செய்த வலை. எண்ணெயும் காரமும் தண்ணீரும் ஓரிடத்தில் சேர்ந்தால் அந்த எஸ்டர் பிணைப்புகள் அறுந்து சோப்பு உண்டாகும். சோப்பு காய்ச்சுகிறவர் அண்டாவில் சில மணி நேரத்தில் செய்வதை, புதுச்சுவர் அடுப்பில்லாமல் சில மாதங்களில் செய்துவிடுகிறது.

மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. உலர்ந்த சுவரில் காரம் சும்மா உட்கார்ந்திருக்கும்; அதை எழுத்துவரை சுமந்து வர ஈரம் வேண்டும். ஏற்காட்டில் ஈரத்துக்கா பஞ்சம்? கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரம், தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழைகளும் தொடும் மலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை. மழை இல்லாத நாளில் மேகம் வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

சுவர் 'ஆறுவது' என்று ஓவியர் சொன்னதும் ஈரம் காய்வதை மட்டுமல்ல. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே உள்ளே போய், கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக, மாற்ற வேண்டும். அப்போதுதான் மேற்பரப்பின் பிஎச் 9 பக்கம் இறங்கி, எண்ணெயைச் சும்மா விடும். இதில் ஒரு சிக்கல். அந்த வினை நடக்கக் கொஞ்சம் ஈரம் வேண்டும். ஆனால் துளைகள் முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால் வாயு உள்ளே நுழைய முடியாது. காற்றில் பரவும் வேகத்தைவிடத் தண்ணீரில் கரியமில வாயு சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு இருக்கும்போது சுவர் சுறுசுறுப்பாக ஆறும். சேலத்து வெயிலில் அது கிடைக்கும். மேலே, பனிமூட்டத்துக்குள் நிற்கும் சுவர் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். ஓவியர் சொன்ன இரண்டு மாதம் சேலத்துக் கணக்கு. மலைக்கு அதுவே போதாது என்று இன்று தோன்றுகிறது.

சுவர் ஆறவில்லை என்பதற்கான சாட்சி விசேஷத்தன்றே எங்கள் கண்முன் இருந்தது என்பதுதான் வேடிக்கை. வாசலில் ஆரத்தி சுற்றியபோது தட்டு தளும்பவில்லை. ஆனால் மஞ்சள் கரைத்த கையை யாரோ சுவரில் துடைத்திருந்தார்கள். அந்த விரல் தடங்கள் மஞ்சளாக இல்லை, செங்கல் சிவப்பாக இருந்தன. மஞ்சளின் நிறமியான குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால்தான். பொறியாளர்கள் இதே சோதனையை ஃபீனால்ப்தலீன் என்ற திரவத்தால் செய்கிறார்கள். கான்கிரீட்டில் சொட்டு விட்டால், ஆறாத இடம் இளஞ்சிவப்பாகும். எங்கள் வீட்டில் அந்தச் சோதனை சடங்காகவே நடந்து, முடிவும் சுவரில் எழுதப்பட்டிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

காரம் எல்லா ஓவியத்துக்கும் பகை என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் காலத்து ஓவியப் படலத்துக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தப் படலங்களைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் ஆராய்ந்து, அவை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை என்றார். அங்கே நிறத்தைப் பிடித்து வைக்க எண்ணெயோ பிசினோ தேவைப்படவில்லை. தண்ணீரில் குழைத்த நிறத்தூளை ஈரச் சுண்ணாம்பில் தீட்டினால், சுண்ணாம்பு ஆறிக் கல்லாகும்போது நிறத்தையும் தன் படிகங்களுக்குள் பூட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் பெயரைத் தின்ற அதே வேதியியல், அங்கே ஓவியத்தை ஆயிரம் ஆண்டு காத்திருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: நிறமும் காரத்தைத் தாங்க வேண்டும். காவி, மஞ்சள் காவி, பச்சை மண், கரி ஆகியவை தாங்கும்.

அந்தக் காவியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, மலையை வெட்டிய இடமெல்லாம் சிவப்பாகத் தெரிகிறதே, அது இரும்பு ஆக்சைடு. மழை கோடிக்கணக்கான நாள் பாறையைக் கழுவி, கரையக்கூடியதை எல்லாம் கொண்டுபோன பிறகு எஞ்சியவை இரும்பும் அலுமினியமும். ஏற்காடு அமர்ந்திருக்கும் சேர்வராயன் மலையில் பாக்சைட் இருப்பதற்கும் இதுவே காரணம். ஏற்கெனவே முழுக்கத் துருப்பிடித்த இரும்பை வெயில் இன்னும் என்ன செய்துவிட முடியும்? கடைப்பலகைகளின் பளிச்சென்ற சிவப்பு அப்படியில்லை. அது கரிமச் சாயம். புறஊதாக் கதிர் அதன் மூலக்கூறுகளை உடைக்க உடைக்க, இரண்டு மூன்று கோடையில் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் 10 முதல் 12 விழுக்காடு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. குளிர்கிற இடத்தில் வெயில் சாது என்று நினைப்பது தவறு. எங்கள் சுவரிலும் முதலில் போனது அந்தச் சிவப்பு நிழல்தான்.

சரி, காரத்துக்கு அஞ்சாத பெயிண்டே இல்லையா? இருக்கிறது. வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷனின் முதுகெலும்பு கார்பனோடு கார்பன் கோத்த சங்கிலி. காரத்தால் அதை அறுக்க முடியாது. 1878இல் ஜெர்மனியின் பவேரியாவில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற சிலிக்கேட் பெயிண்டு இன்னும் ஒரு படி மேல். பொட்டாசியம் சிலிக்கேட் சுவரோடு வினைபுரிந்து அதன் பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஆனாலும் பழைய ஓவியர்கள் எழுத்துக்கு எனாமலையே கேட்கிறார்கள். பிடிவாதம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. எமல்ஷன் சீக்கிரம் இறுகும். வளைவின் பாதியில் தூரிகை இழுபடும். எனாமல் வழுக்கிக்கொண்டு ஓடும், பிறகு தானே சமன்படும்.

இந்தச் 'சமன்படுதல்' ஒரு தனி அழகு. தூரிகை போன பாதையில் ஒவ்வொரு முடியும் ஒரு சால் விடுகிறது. பெயிண்டின் பரப்பு இழுவிசை அந்தச் சால்களை இழுத்து மட்டமாக்கப் பார்க்கும். சால்களுக்கு இடையிலான தூரம் பாதியானால், அவை மறையும் வேகம் பதினாறு மடங்காகும். எழுத்து எழுதுகிறவர்கள் பன்றி முடித் தூரிகையைச் சுவருக்கு வைத்துக்கொண்டு, எழுத்துக்கு அணில் முடி போன்ற மெல்லிய, நீளமான முடியைத் தேடுவது ஏன் என்று இதிலிருந்து புரியும். முடி எவ்வளவு நெருக்கமோ, கோடு அவ்வளவு சீக்கிரம் கண்ணாடியாகும். பூச்சைக் கனமாக வைத்தாலும் சீக்கிரம் சமன்படும். ஆனால் செங்குத்துச் சுவரில் கனமான பூச்சு வழிந்து இறங்கும். வழியாத அளவுக்குக் கனம், சால் மறையும் அளவுக்கு நீர்ப்பு. டர்பன்டைனை எத்தனை சொட்டு விடுவது என்று அவர்களுக்குக் கை சொல்லும்.

ஏற்காட்டில் அந்தக் கைக்கணக்கும் மாறும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏற்காட்டுக்குள் நுழையும்போது எட்டு டிகிரி குறைந்திருக்கும். எனாமல் காய்வது தண்ணீர் ஆவியாவது போன்ற விஷயமில்லை. கரைப்பான் போன பிறகு, அது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத் தன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. இது வேதிவினை என்பதால் குளிரில் சோம்பும். அதற்குள் சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டால், பாதி காய்ந்த பளபளப்பின்மேல் நுண்துளிகள் உட்கார்ந்து வெளுத்த திரையாக்கிவிடும். எமல்ஷன் நிலைமை இன்னும் மோசம். அதிலுள்ள பிசின் துகள்கள், தண்ணீர் விலகிய பிறகே ஒன்றையொன்று நெருக்கி உருகிச் சேர வேண்டும். ஈரக்காற்றில் தண்ணீர் விலகாது, குளிரில் துகள்கள் இளகாது. இரவுப் பனியில் எழுத்து அழுதுவடியும். சுவரின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட மூன்று டிகிரியாவது கூடுதலாக இருக்கும்போதே பூச வேண்டும் என்பது பெயிண்டுத் தொழிலின் பொது விதி. மலையில் அது காலை பத்து மணிக்குமேல் தொடங்கி மூன்று மணிக்கு முடியும் ஒரு சிறு சன்னல். மற்ற நேரத்தில் ஓவியர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் அவரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பூச்சுச் சுவரை விட்டுவிட்டுக் கேட் தூண்களைப் பாருங்கள். எஸ்டேட் வாசல்களில் உள்ளூர்ப் பாறையைக் கொத்தி நிறுத்திய தூண்களில் எழுதிய பெயர்கள் வேறு விதியின்படி வாழ்கின்றன. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கரும்பாறை. அதில் சுண்ணாம்பும் இல்லை, தண்ணீர் ஊறிவரத் துளைகளும் அதிகம் இல்லை. எனவே சோப்பாகும் ஆபத்து இல்லை. பிடிமானம்தான் குறைவு, கொத்திய சொரசொரப்பில் பெயிண்டு கவ்விக்கொண்டால் உண்டு, வழவழப்பாகத் தேய்த்த கல்லில் சில ஆண்டில் செதில் செதிலாக உதிரும்.

இந்தப் பாறைக்குப் பெயர் வந்த கதை நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனியின் குடியிருப்பைத் தொடங்கிய ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கல், தெற்கே பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல். அதை ஆராய்ந்த புவியியலாளர் டி. எச். ஹாலண்ட், 1893இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கின் பெயரையே வைத்தார். கல்லில் மனிதன் பெயரை எழுதினார்கள். கல்லுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எந்த எனாமலும் இவ்வளவு பிடித்ததில்லை. அதே பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்து இந்தியத் தொல்வரலாற்றைத் தொடங்கி வைத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், கடைசிக் காலத்தில் வந்து தங்கியது ஏற்காட்டில். அவர் வீட்டின் பெயர் ஐவி காட்டேஜ். ஐவி என்பது சுவரில் வேர் ஊன்றிப் படரும் கொடி. சுவருக்கு ஆகாத ஒன்றின் பெயரை வீட்டுக்கு வைத்திருக்கிறார், அதுவும் ஒரு புவியியலாளர்!

பெயர் அழியாமல் இருந்தால் மட்டும் போதாது, மூட்டத்தில் தெரியவும் வேண்டுமே. பனிமூட்டத்தில் எழுத்து சிறுத்துப் போவதில்லை, வெளுத்துப் போகிறது. தூரம் கூடக் கூட, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு அடுக்குக் குறியின்படி சரியும். வேறுபாடு 2 விழுக்காட்டுக்கு இறங்கும் தூரத்தையே பார்வை எல்லை என்கிறோம். ஐம்பது மீட்டர்தான் கண் தெரிகிறது என்றால், அதில் பாதியான 25 மீட்டரில் நிற்பவருக்கு வேறுபாடு 14 விழுக்காடுதான் கிடைக்கும். தொடக்கத்திலேயே இளநீலத்தில் வெள்ளை எழுத்து என்று எழுதியிருந்தால், அந்தக் கொஞ்சத்தில் எது மிஞ்சும்? சிவப்பும் மஞ்சளும் மூட்டத்தைத் துளைத்துக்கொண்டு தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். மூட்டத்தின் துளிகள் பத்து மைக்ரான் அளவில் இருக்கும். ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அவ்வளவு பெரிய துளிக்கு எல்லா நிறமும் ஒன்றுதான், எல்லாவற்றையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். வெள்ளையில் கறுப்பு, அல்லது கறுப்பில் வெள்ளை. மலைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. கண் மருத்துவர் அட்டையில் நல்ல பார்வைக்கு வைக்கும் எழுத்து, கண்ணில் ஐந்து கலைக் கோணம் பிடிக்கிறது. அதை முப்பது மீட்டருக்கு நீட்டினால் எழுத்தின் உயரம் 44 மில்லிமீட்டர். ஆனால் அந்த அட்டையின் கணக்கு, மூன்று கோடும் இரண்டு இடைவெளியும் கொண்ட ஆங்கில எழுத்தை வைத்துப் போட்டது. நம் 'இ'யை எழுதிப் பாருங்கள். அதே உயரத்துக்குள் எத்தனை சுழி, எத்தனை வளைவு! 'இல்லம்' என்று முடியும் வீட்டுப் பெயருக்கு 12 சென்டிமீட்டருக்குக் குறையாமல் எழுதச் சொல்வேன். கூடவே புள்ளிகள். பாசி முதலில் மூடுவது அவற்றைத்தான். பழைய கல்வெட்டுகளில் புள்ளியே பெரும்பாலும் இல்லாமல் போனதைப் பார்த்துப் பழகிய நமக்கு, 'இலலம' என்று படிப்பதில் சிரமம் இருக்காது என்று மலை நினைத்திருக்கலாம்.

பாசி என்றதும் இன்னொன்று. ஈரச் சுவர்களில் முதலில் குடியேறுவது நீலப்பச்சைப் பாக்டீரியாவும் பாசிகளும். சுவரே கறுத்துப் போன பின்னும் சில பழைய வீடுகளில் பெயர் மட்டும் பளிச்சென்று நிற்கும். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருந்தது. ஈய உப்புகள் எண்ணெயோடு சேர்ந்து உருவாக்கும் ஈயச் சோப்பு, படலத்தை இளக்கமாகவும் உறுதியாகவும் வைத்திருக்கும், நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. ஒரு சோப்பு எழுத்தைக் கொல்கிறது, இன்னொரு சோப்பு காக்கிறது! அந்தக் காவலாளி குழந்தைகளின் மூளைக்கு எமன் என்பதால், 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியாவில் சட்டம். பழைய எழுத்தைப் புதுப்பிக்கிறவர்கள் உப்புத்தாளை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் இருப்பது நல்லது. முழுதும் உதிர்ந்த இடத்திலும் பெயர் சில சமயம் போவதில்லை. எழுத்து மூடியிருந்த பகுதி மட்டும் மழையும் பாசியும் படாமல் இருந்ததால், கறுத்த சுவரில் வெளிறிய நிழலாக அதே வளைவுகளோடு தெரியும். அதில் 'மலை' என்ற சொல் இருந்து, 'லை' யானைத் தும்பிக்கை போல முன்னால் சுருட்டிய பழைய வடிவத்தில் இருந்தால், அநேகமாக 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதியது என்றும் ஊகித்துவிடலாம்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மாசிமாத முற்பகலில், அதே ஓவியரை மறுபடி அழைத்தோம். அவர் பழையபடி உள்ளங்கையை வைத்தார். சித்தி சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து எடுத்து வந்தார். சுரண்டிச் சுத்தம் செய்த பூச்சில், 'ல்ல' இருந்த இடத்தில், விரலால் தடவினார். நாலு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"பிரைமர் டப்பாவ எடுங்க, தம்பி" என்றார் ஓவியர்.